வெட்டாத கோட்டு

என் அக்காவைச் சோம்பேறி என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். சோம்பேறி என்றால் உட்கார வேண்டும். அக்கா ஒரு இடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. தையல் கல்லூரியில் எதையாவது தைத்துக் கொடுக்க வேண்டிய வாரம் வந்துவிட்டால் எங்கள் சமையலறை பளபளக்கும். ஜன்னல் கம்பிகளைத் துடைப்பாள். பட்டன் டப்பாவைத் தரையில் கொட்டி நிறம் நிறமாகப் பிரிப்பாள். மெஷினுக்கு எண்ணெய் போடுவாள், துடைப்பாள், மறுபடியும் போடுவாள். தைக்க வேண்டியதைத் தவிர வீட்டில் இருக்கும் எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்வாள்.

இப்படித்தான் போன வருடம் கடைசி வேலையைக் கொடுக்காமல் அதே வகுப்பில் தங்கிப்போனாள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். ஆனால் எங்கள் வீட்டில் தங்கிப் படிக்கும் சித்தி மகள், அதுவரை ஒரு வகுப்பு கீழே இருந்தவள், இந்த வருடம் அக்காவுக்குப் பக்கத்து மெஷினில் வந்து உட்கார்ந்துவிட்டாள். அவளை நாங்கள் குட்டி என்று கூப்பிடுவோம். அன்றிலிருந்து அக்காவுக்கு வயிற்றெரிச்சல். இதற்கு நாகரிகமாக வேறு பெயர் வைக்க எனக்கு மனமில்லை.

இந்த வருடத்தின் கடைசி வேலை ஒரு கோட்டு. வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் அக்காவைக் கல்லூரியிலிருந்து நீக்கிவிடுவார்கள், மறுபடியும் சேர முடியாது. அம்மா இரண்டு பேருக்கும் ஒரே சாம்பல் நிறக் கம்பளித் துணியை வாங்கிக் கொடுத்தாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அம்மா ஒன்றும் சொல்லாமல் இருப்பது திட்டுவதைவிட மோசம்.

குட்டி சாப்பாட்டு மேஜையில் தட்டுகளை ஓரமாகத் தள்ளிவிட்டுத் துணியை விரித்தாள். வாயில் குண்டூசி, காதில் போன். பேசிக்கொண்டே வெட்டினாள். அக்கா சமையலறை வாசலில் துடைப்பத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படிடி இவளுக்குக் கை கூசவே மாட்டேங்குது?" என்று என்னிடம் கேட்டாள்.

அக்காவின் துணியும் விரிக்கப்பட்டது. சாக்பீஸால் அழகாகக் கோடு போடுவாள். தள்ளி நின்று பார்ப்பாள். பிரஷ்ஷால் தட்டி அழிப்பாள். மடித்து அலமாரியில் வைத்துவிட்டு, "நாளைக்குக் காலைல வெளிச்சத்துல வெட்டறேன்" என்பாள். காலையில் வெளிச்சம் வரும். ஜன்னலில் தூசி தெரியும். துடைக்கப் போய்விடுவாள்.

இதற்குள் குட்டியின் கோட்டு முடிந்து, எங்கள் மூவரின் அறைக் கதவில் தொங்கியது. கண் விழித்ததும் அக்கா முதலில் பார்ப்பது அதைத்தான்.

புதன்கிழமை குட்டி குளிக்கப் போன நேரம், அக்கா அந்தக் கோட்டை எடுத்து உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பினாள்.

"சும்மா பாக்கறேன்" என்றாள், நான் கேட்காமலே.

காலரை நிமிர்த்தினாள். பையை இழுத்தாள். லைனிங்கைத் தடவினாள். வலது அக்குள் பக்கம் வந்ததும் விரல் நின்றது. அங்கே ஒரு ஒட்டுத் துண்டு, வெளியே தெரியாமல் பொடித் தையலில் பொருத்தியிருந்தது. கைக்கான துணியை இரட்டையாக மடித்து வெட்டினால் ஒன்று இடது, ஒன்று வலது என்று வரும். மடிக்காமல் காகித அச்சை ஒரே பக்கமாக வைத்து இரண்டு தடவை வெட்டினால் இரண்டும் இடது கைதான். குட்டி அதைத்தான் செய்திருந்தாள். புதிதாக ஒரு கை வெட்டத் துணி போதாமல் ஒட்டுப் போட்டுச் சமாளித்திருந்தாள். போனில் பேசிக்கொண்டு வெட்டினால் வேறென்ன நடக்கும்?

அக்காவின் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்து ரொம்ப நாளாகிறது.

"அம்மா, இங்க வந்து இதப் பாரு" என்று கூப்பிட்டாள்.

அம்மா வந்தாள். தலையில் துண்டோடு குட்டியும் வந்தாள். கோட்டைப் பார்த்தாள், சிரித்தாள்.

"ஆமாக்கா, ரெண்டையும் இடது கையா வெட்டித் தொலைச்சுட்டேன். பாத்ரூம்ல உக்காந்து அழுதேன். அப்புறம் மிச்சத் துணிய வெச்சு ஒட்டுப் போட்டேன். நல்லா மறைஞ்சிருக்குல்ல?" என்றவள், கையை நீட்டினாள். "உன்னோடதக் குடுக்கா, அதுல நான் தேடறேன்."

அவள் குத்திக்காட்டவில்லை. விளையாட்டாகத்தான் கேட்டாள், அதுதான் கொடுமை. அம்மாவின் பார்வை அலமாரிக்குப் போனது. அங்கே துணி, கத்தரி படாமல் மடித்தபடியே இருந்தது. அம்மா அலமாரிக் கதவைச் சாத்திவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அக்கா கட்டிலில் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்ததும் எனக்குப் பயமாகிவிட்டது.

"வெட்டாத வரைக்கும் அதுல ஒரு குறையும் இல்லடி" என்றாள், குட்டி போன பிறகு. "கிளாஸ்லயே நல்ல கோட்டு என்னோடதுதான். கத்தரி பட்டா அதுவும் சாதாரணக் கோட்டு ஆயிடும். அந்தப் பயம்தான். போன வருஷமும் இதே பயம்தான்."

"சாதாரணக் கோட்டாவது இருக்கா இப்போ?" என்று கேட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அவள் கதவில் தொங்கியதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவகிட்ட ஒரு தப்பாவது இருக்கு. எங்கிட்ட அதுகூட இல்ல."

அக்காவின் பொறாமையில் எல்லா வகையையும் பார்த்தாயிற்று என்று நினைத்திருந்தேன். இன்னொருத்தியின் தப்பைப் பார்த்துப் பொறாமைப்படுவது எனக்கே புதிது.

எழுந்தாள். தொட்டியில் பாத்திரம் குவிந்திருந்தது, தாண்டிப் போனாள். மேஜையில் தட்டுகள் இருந்தன, குட்டி மாதிரியே ஓரமாகத் தள்ளினாள். கோடு போட்டாள். ஒரு பக்கம் கோணலாக வந்தது. பிரஷ்ஷை எடுக்கக் கை போனது, பாதியில் திரும்பிக் கத்தரியை எடுத்தது.

அதன் பிறகு வெள்ளிக்கிழமை வரை யாரும் ஜன்னல் துடைக்கவில்லை. நூல் துணுக்குகள் சாம்பாரில்கூட வந்தன. பாத்திரம் எல்லாம் என் தலையில் விழுந்தது. அக்கா திருந்தியதில் நஷ்டப்பட்டது நான் ஒருத்திதான்.

வெள்ளிக்கிழமை ஆசிரியை கோட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு, "காலர் ஒரு பக்கம் தூக்குதே" என்றாராம். தேர்ச்சி போட்டுவிட்டார். குட்டிக்கு மதிப்பெண் கூடுதல்.

"ஒட்டுப் போட்ட கோட்டுக்கு எப்படிடி என்னைவிட அதிகம்?" என்று அக்கா வாசலிலேயே என்னிடம் புலம்ப ஆரம்பித்தாள். எரிச்சல் துளியும் குறையவில்லை. வீட்டுக்குள் வந்ததும், போட்டுக்கொண்டு வந்த கோட்டைக் கழற்றினாள். உள்பக்கத்தை வெளியே திருப்பினாள். கட்டிலில் உட்கார்ந்திருந்த குட்டியின் மடியில் போட்டாள்.

"இந்தா, தேடு" என்றாள். "நிறைய இருக்கு."