தெர்மாவுக்குக் குறைந்த ஆறு புள்ளி

அந்த அழைப்பு வந்தபோது மணி பகல் பன்னிரண்டு இருபது. விடுதியின் சாப்பாட்டுக் கூடத்தில், கையில் தட்டோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தாள் கோட்டான்.

"நான் வீட்டுக்காரம்மா பேசறேன். அவசரம்னா கூப்பிடச் சொல்லி இந்த நம்பரைத்தான் கொடுத்திருந்தா. நீ யாரும்மா அவளுக்கு?"

போன வருடம் வரை பக்கத்துக் கட்டில். இப்போது என்ன முறை சொல்வது? "ஃப்ரெண்டுங்க" என்றாள்.

"மனசைத் திடப்படுத்திக்கோ. மாடியில சத்தமே இல்லை, ஊருக்குப் போயிருப்பான்னு நெனச்சோம். இன்னிக்குத்தான் கதவை உடைச்சோம்."

பின்னால் நின்றவள், "நகருடி, குழம்பு ஆறுது" என்று முதுகில் இடித்தாள். கோட்டான் நகரவில்லை.

இறந்துபோனவளை விடுதியில் எல்லோரும் தெர்மா என்றுதான் அழைப்பார்கள். தெர்மாமீட்டர் என்பதன் சுருக்கம். புள்ளியியல் கடைசி வருடம். அப்பா பேருந்து ஓட்டுநர், அம்மா தையல்காரி. வீட்டை விட்டுக் கிளம்பும்போது மற்ற பெண்களின் பையில் அலங்காரச் சாமான் இருந்தது என்றால், இவள் பையில் அப்பா ஒரு தெர்மாமீட்டரை வைத்து அனுப்பினார். "உனக்கு ஒண்ணுன்னா ஓடி வர எனக்கு அரை நாள் ஆகும், நீயே பாத்துக்கோ" என்றாராம். அவள் தன்னைப் பார்த்துக்கொள்ளவில்லை. நாலாவது மாடி முழுவதையும் பார்த்துக்கொண்டாள்.

நல்லவள் என்று சொன்னால் அவளே சிரிப்பாள். அடுத்தவள் சோப்பைக் கேட்காமல் எடுப்பாள். சீட்டாட்டத்தில் கூசாமல் ஏமாற்றுவாள். குறட்டை விட்டால் மூன்று அறை தாண்டிக் கேட்கும். வாய்த்துடுக்கும் அதிகம். காய்ச்சலில் கிடக்கிறவளிடம் போய், "வாயைத் திறடி. நீ செத்தா வார்டன் என் தலையிலதான் கட்டும்" என்பாள். கோட்டானுக்கு அந்தப் பெயரை வைத்ததும் அவள்தான். வந்த முதல் நாள் கேட்ட கேள்விக்கெல்லாம் இவள் தலையை மட்டும் ஆட்டியிருக்கிறாள். "ஊமைக்கோட்டான் மாதிரி இருந்துக்கிட்டு எல்லாத்தையும் எடைபோடுது பாரு!" அன்றிலிருந்து கோட்டான்.

காலையில் பல் துலக்குவதற்கு முன்பே தெர்மா வராந்தாவில் கிளம்பிவிடுவாள். ஒவ்வொரு கதவிலும் உள்ளங்கையால் ஓங்கி ஓர் அடி. "உசுரோட இருக்கியா?"

உள்ளேயிருந்து திட்டு வரும். "போடி பிசாசே", "கையை ஒடிக்கிறேன் பாரு", "இல்லை, செத்துட்டேன், போ!" எந்தத் திட்டும் வராத கதவின் முன்னால் மட்டும் அவள் நின்றுவிடுவாள். தலைவலி, வயிற்றுவலி, பரீட்சையில் தோற்றதைச் சொல்ல ஆளில்லாமல் போர்வைக்குள் சுருண்டிருக்கிற அழுகை, எல்லாம் அப்படித்தான் அந்த மாடியில் வெளியே வந்தன.

பல்கலைக்கழகத்துக்கு இதெல்லாம் தெரியாது. அதனிடம் 'நலமும் ஈடுபாடும்' என்று ஒரு திட்டம் இருந்தது. அதற்கென்று நல அலுவலர் ஒருவர், குளிரூட்டிய அறை, சிரித்த முகங்கள் போட்ட சுவரொட்டி. சிரிப்புப் பயிற்சிக்கு இரண்டு புள்ளி. மூச்சுப் பயிற்சிக்கு இரண்டு. மரம் நடுவதற்கு மூன்று, தண்ணீர் ஊற்றுவதற்கு எதுவுமில்லை. நிகழ்ச்சி நடக்கும் கூடத்து வாசலில் ஓர் இயந்திரம் இருக்கும், அடையாள அட்டையைக் காட்டினால் கீச்சென்று கத்தும். அது கத்தினால் நீங்கள் நலமாக இருக்கிறீர்கள் என்று பொருள். வருடத்துக்கு நாற்பது புள்ளி சேர்ந்தால்தான் அடுத்த வருடம் விடுதியில் அறை. ஈடுபாடு இல்லாதவர்களுக்கு இடம் எதற்கு என்பது வாதம்.

போன வருடம் தெர்மாவுக்கு முப்பத்துநாலுதான் சேர்ந்தது. 'தனிமையை வெல்வோம்' என்ற சொற்பொழிவுக்கு மட்டும் ஆறு புள்ளி. அதற்குப் படியிறங்கிக்கொண்டிருந்தவளைக் கடைசி அறைப் பெண்ணின் அலறல் திருப்பிவிட்டது. குடல்வால் வீக்கம். ஆட்டோவில் மடியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். சொற்பொழிவு முடிந்து கைதட்டிக்கொண்டிருந்த நேரத்தில், அறுவைச் சிகிச்சை அறைக்கு வெளியே இவள் ஒற்றைச் செருப்போடு உட்கார்ந்திருந்தாள்.

நல அலுவலரிடம் போய் விஷயத்தைச் சொன்னாள். துணைக்குப் போன கோட்டான் பக்கத்தில் நின்றாள்.

"நல்ல காரியம்தாம்மா, நான் இல்லைன்னு சொல்லலை" என்றார் அவர். "ஆனா அது உன் சொந்த விஷயம். நாங்க எதிர்பாக்கறது கூட்டு ஈடுபாடு."

"சார், ஒருத்தியைத் தூக்கிட்டுப் போனேன். ரெண்டு பேர் இருந்தோமே, அது கூட்டு இல்லையா?"

அவர் சிரித்தார். சிரிப்புப் பயிற்சி எடுத்தவர் ஆயிற்றே. "நிகழ்ச்சிப் பட்டியல்ல அது இல்லையேம்மா."

தனிமையை வெல்வது எப்படி என்று கேட்காத குற்றத்துக்காக அவளைத் தனி அறைக்கு அனுப்பினார்கள். இதைவிடப் பச்சையாக எப்படிச் சொல்வது? மூன்று தெரு தள்ளி, ஒரு வீட்டின் மொட்டை மாடியில், தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. அங்கே தட்டுவதற்கு வேறு கதவு இல்லை. அவள் கதவைத் தட்டவும் ஆளில்லை. வீட்டுக்காரம்மாவின் அழைப்புக்கு ஐந்து நாள் முன்பு கோட்டான் போன் செய்தபோது, "சளிதான்டி. நீ ஒழுங்கா சாப்பிடறியா?" என்று கேட்டுவிட்டு, இருமல் வந்ததும் வைத்துவிட்டாள்.

நிமோனியா என்றார் டாக்டர். இரண்டு நாள் முன்னால் யாராவது அழைத்து வந்திருந்தால் பிழைத்திருப்பாளாம். அந்த 'யாராவது' என்ற சொல்லைக் கேட்டபோதுதான் கோட்டானுக்குக் கோபம் பற்றிக்கொண்டது.

அதற்கு எண்ணெய் ஊற்றியது அறிவிப்புப் பலகை. மூன்றாம் நாள் ஒட்டியிருந்தார்கள்: 'நம் முன்னாள் விடுதி மாணவியின் மறைவுக்கு இரங்கல் கூட்டம். மாலை ஐந்து மணி. பெரிய கூடம். ஈடுபாட்டுப் புள்ளி 2. மேடையேறி உணர்வுகளைப் பகிர்வோருக்குக் கூடுதலாக 1.'

கோட்டான் நேரே வார்டனின் அறைக்குப் போனாள். பல்கலைக்கழகத்துக்கு வந்த நாளிலிருந்து அவள் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை.

"அந்தப் புள்ளியை எடுத்துடுங்க மேடம்."

வார்டன் கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். கெட்டவள் இல்லை. அவள் கண்ணும் சிவந்துதான் இருந்தது. "புள்ளி இல்லைன்னா யார் வருவாங்க, சொல்லு? ஹால் காலியாக் கெடந்தா அவளுக்குத்தானே அவமானம்?"

"அவளுக்கு இனிமே என்ன மேடம் அவமானம்?"

"எடுக்கணும்னாலும் முடியாதும்மா. புள்ளி போடாம நிகழ்ச்சியைப் பதிவு பண்ணினா கம்ப்யூட்டர் ஏத்துக்காது."

"அவளை வெளிய அனுப்பும்போதும் கம்ப்யூட்டர் மேலதான் பழியைப் போட்டீங்க. அதுக்கு வாய் இல்லை, சரி. உங்களுக்கு இருக்கு இல்ல?"

வார்டன் கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டாள்.

கோபம் என்னவோ நியாயம்தான். ஆனால் கோட்டானுக்கு அந்த வருடம் சேர்ந்திருந்தது முப்பத்தெட்டு. குறைவது சரியாக இரண்டு. பருவத்தின் கடைசி நிகழ்ச்சி இந்த இரங்கல் கூட்டம். செய்தி கேட்ட அன்றே அம்மா போனில் அழுது தீர்த்துவிட்டாள். "விடுதியில இடம் இருந்தா படி. இல்லைன்னா படிப்பும் வேணாம் ஒண்ணும் வேணாம், வீட்டுக்கு வந்துடு. உன்னை வெளியில தனியா விட்டுட்டு நான் எப்படிடி தூங்குவேன்?"

சட்டம் படிக்கிற எதிர் அறைக்காரி, எல்லோருக்கும் வக்கீல், கட்டிலில் வந்து உட்கார்ந்தாள்.

"கண்ணை மூடிக்கிட்டுப் போ, அட்டையைக் காட்டு, வா. முடிஞ்சது. தெர்மாவே இருந்தா உன் கழுத்தைப் பிடிச்சுத் தள்ளியிருப்பா."

"தள்ளியிருப்பாதான்."

"அப்புறம் என்னடி? ஊரெல்லாம் வாங்கப்போற ரெண்டு புள்ளி. உனக்கு மட்டும் கசக்குதா?"

"அவளுக்கு ஆறு கொடுக்க மனசு வரலை. அவ பொணத்துக்கு ரெண்டு கொடுக்கறாங்க. கசக்காம இனிக்குமா?"

வக்கீல் கட்டிலிலிருந்து எழுந்து தன் அறைக்குப் போனாள்.

அதே ஐந்து மணிக்கு நாலாவது மாடி வராந்தாவிலேயே ஒரு கூட்டம் என்று கோட்டான் ஒவ்வொரு அறையாகப் போய்ச் சொன்னாள். பேச்செல்லாம் வேண்டாம், அவள் படத்தை மாட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் உட்காரலாம். எல்லோரும் தலையாட்டினார்கள். வந்தது எட்டுப் பேர். மற்றவர்களைக் குறை சொல்ல முடியாது, அவரவர் அறை அவரவருக்கு. வக்கீல் மூச்சு வாங்க மாடியேறி வந்தாள்.

"நான் கீழ அட்டையைக் காட்டிட்டுத்தான் வந்தேன். எனக்கு அவ்வளவு வீரம் கிடையாது. திட்டணும்னா திட்டு."

"உக்காரு" என்றாள் கோட்டான்.

படத்தில் தெர்மா வாயைப் பிளந்து சிரித்துக்கொண்டிருந்தாள், ஒரு கண் பாதி மூடியிருந்தது. உருப்படியான படம் வேறு கிடைக்கவில்லை. சுத்தியலுக்கு எங்கே போவது? குளியலறைக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த கல்லை எடுத்து வந்து ஆணியை அடித்தாள். சுவர் கொஞ்சம் பெயர்ந்தது. படத்துக்குக் கயிறு கட்டிக்கொண்டே வந்தவர்களைப் பார்த்தாள்.

"வாண்டு எங்கே?"

வாண்டு என்பது மாடியிலேயே சின்னவள், முதல் வருடம். "கீழ போயிருப்பா", "நான் காலையிலேர்ந்து பாக்கலை", "தூங்குவா" என்று ஆளுக்கொன்று சொன்னார்கள்.

கோட்டான் படத்தை நாற்காலியில் சாய்த்துவிட்டு மூலை அறைக்குப் போனாள். உள்ளங்கையால் ஓங்கி அடித்தாள். "உசுரோட இருக்கியா?"

திட்டு வரவில்லை. இன்னும் ஓங்கி அடித்தாள். நெடுநேரம் கழித்துத் தாழ்ப்பாள் அசைந்தது. வாண்டு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதடு வெடித்திருந்தது. நெற்றியைத் தொட்டால் அடுப்பு.

"நேத்திலேர்ந்துக்கா... யாரையும் தொந்தரவு பண்ண வேணாம்னு..."

"வாயை மூடு. நட."

நடக்க அவளால் முடியவில்லை. தோளில் ஒரு கையை வளைத்துப் போட்டு, இடுப்பைப் பிடித்து, கோட்டான் அவளை நாலு மாடி இறக்கினாள். வக்கீல் முன்னால் ஆட்டோ பிடிக்க ஓடினாள். வெளியே போக வேறு வழியில்லை, பெரிய கூடத்து வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். உள்ளே நல அலுவலரின் குரல் ஒலிபெருக்கியில் தழுதழுத்தது. "நாம் ஒருவரையொருவர் கவனித்துக்கொள்ள வேண்டும் என்பதே இந்த இழப்பு நமக்குச் சொல்லும் செய்தி..."

இயந்திரத்தின் பக்கத்தில் நின்ற காவலாளி கோட்டானைப் பார்த்தார். அவருக்கும் பிள்ளைகள் உண்டு.

"அட்டையைக் காட்டிட்டுப் போம்மா. ஒரு செகண்டுதானே?"

அட்டை அவள் கழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. கொஞ்சம் குனிந்தால் போதும், இயந்திரம் கத்திவிடும்.

"கை காலியா இல்லைண்ணே" என்று சொல்லிவிட்டு அவள் வாசலைத் தாண்டினாள்.

மூன்றாம் நாள் வாண்டுக்குக் காய்ச்சல் விட்டது. அதுவரை கோட்டான் ஆஸ்பத்திரியில்தான் இருந்தாள். திரும்பி வந்தபோது அறை ஒதுக்கீடு வெளியாகியிருந்தது. அதில் அவள் பெயர் இல்லை. அன்று மாலையே அம்மா வந்து பெட்டியைக் கட்டச் சொன்னாள்.

வராந்தாச் சுவரில் ஆணி இருக்கிறது. படம் நாற்காலியில் சாய்ந்தபடியே இருக்கிறது, கயிற்றின் ஒரு முனையில் இன்னும் முடிச்சுப் போடவில்லை.