செபமாலைப் பெட்டியில் இருந்த குளிசைகள்

என் கையெழுத்துக்கும் அதிலுள்ள பிழைகளுக்கும் முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு நண்டு வலைக்குப் போனவன் நான். எங்கள் வீட்டில் படிவம் நிரப்புவது, கடிதம் எழுதுவது எல்லாம் மனைவிதான். வெளியாட்களோடு கதைப்பதும் அவள்தான். வாசிக்க முடியாத இடத்தை விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள்.

இந்தக் கொப்பி ஆஸ்பத்திரியில், வலிக்கு மருந்து கொடுக்கும் அறையின் வாசலில் கிடக்கிறது. நோயாளியோடு வந்து காத்திருப்பவர்கள் தங்களுக்கு நடந்ததை இதில் எழுதலாம் என்று மிஸ் சொன்னார். இங்கே தாதியை நாங்கள் மிஸ் என்றுதான் கூப்பிடுவோம்.

என் மனைவிக்கு மார்பில் கட்டி. யாழ்ப்பாணத்தில் வெட்டி, மருந்து ஏற்றி, கரண்டு என்கிற கதிர் மருத்துவமும் செய்தார்கள். இரண்டு வருடம் நன்றாக இருந்தாள். பிறகு முதுகெலும்பில் வந்துவிட்டது. இனி அலைய வேண்டாம், உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் வலி இல்லாமல் பார்த்துக்கொள்வார்கள் என்று ஒரு கடிதம் தந்து அனுப்பினார்கள். எங்களைக் கைவிட்டுவிட்டார்கள் என்றுதான் பஸ்ஸில் வரும்போது நினைத்தேன். அது அப்படி இல்லை. இங்கே டொக்டர் அவளைக் கதிரையில் இருத்தி, நேரம் பார்க்காமல் கதைத்தார். மிஸ் இரண்டு கிழமைக்கு ஒரு தரம், திங்கட்கிழமையில், வீட்டுக்கே வந்தார். படுக்கைப் புண் வராமல் எப்படிப் புரட்டிப் படுக்க வைப்பது என்று என் கையைப் பிடித்துக் காட்டித் தந்தார். ஆறுதல் சொல்லவென்று ஆஸ்பத்திரியில் இருந்து வந்த இன்னொரு பெண், உயிலங்குளத்தில் கட்டிக் கொடுத்த எங்கள் மகளோடு தனியாக இருந்து, அவள் அழுது முடியும் வரைக்கும் எழும்பாமல் இருந்தாள்.

எனக்கும் ஒரு வேலை தந்தார்கள். வலி எவ்வளவு என்று காலையும் மாலையும் கேட்டு ஒரு சின்னக் கொப்பியில் எழுத வேண்டும். வலி இல்லை என்றால் பூச்சியம், தாங்கவே முடியாது என்றால் பத்து. அதைப் பார்த்துத்தான் டொக்டர் வலிக்கான குளிசையைக் கூட்டுவார், குறைப்பார். எழுத்து வராதவனுக்கு இலக்கம் பரவாயில்லை. அவள் சொன்னதை அப்படியே எழுதினேன்.

தவக்காலம் தொடங்கியதும் அவள் தினமும் இரண்டு என்று சொன்னாள். எனக்குச் சந்தோசம். ஆனால் அவளுடைய கால்கள் அப்படிச் சொல்லவில்லை. வலி வரும்போது ஒரு காலின் பெருவிரலால் மற்றக் காலை அமத்திக்கொண்டு கிடப்பாள். மகளைப் பெற்ற நேரத்திலும் அப்படித்தான் கிடந்தாள். நான் பார்த்தேன். பார்த்துவிட்டு இரண்டு என்று எழுதினேன்.

இரண்டாவது வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதைக்கு அவளுடைய செபமாலையைக் கொண்டுபோகலாம் என்று பெட்டியைத் திறந்தேன். மாலைக்கு அடியில் பஞ்சு. பஞ்சுக்குள் குளிசைகள். நான் தண்ணீரோடு கையில் கொடுத்துவிட்டு மற்றப் பக்கம் திரும்பிய ஒவ்வொரு தரமும் அவள் ஒளித்து வைத்தவை.

"இதென்ன?" என்று கேட்டேன்.

"சத்தம் போடாதேங்கோ. தபசுக்கு நீங்கள் இறைச்சியை விடேல்லையா? நான் இதை விட்டிருக்கிறன்."

"இறைச்சியும் இதுவும் ஒண்டே?"

"எங்கட மகளுக்கு ரெண்டு தரம் கரு கலைஞ்சு போச்சு. இப்ப நாலு மாசம். இந்த நோவை நான் அந்தக் குழந்தைக்கு ஒப்புக்குடுத்திருக்கிறன். ஆரிட்டயும் சொன்னியளெண்டா நேத்தி முறிஞ்சு போம். பிறகு அவளுக்கு ஒண்டு நடந்தா நீங்கள்தான் பதில் சொல்லோணும்."

நான் பெட்டியை மூடினேன். கோயிலுக்கு மாலை இல்லாமல் போனேன். பங்குச் சுவாமியிடம் கேட்டிருக்கலாம். அவர் வாசலில்தான் நின்றார். எனக்கு வாய் வரவில்லை. இரவிரவாக அவள் பல்லைக் கடிப்பது கேட்கும். விடிந்ததும் கொப்பியோடு போய் நிற்பேன். "ரெண்டு" என்பாள். எழுதுவேன். ஒன்பது நாள் அப்படி எழுதினேன்.

பத்தாம் நாள் திங்கட்கிழமை. மிஸ் வந்தார். முசலிப் பக்கத்து முஸ்லிம் பெண். அவருக்கு அது நோன்பு மாதம். அந்த வெயிலில் வந்தும் ஒரு மிடறு தண்ணீர் குடிக்கவில்லை. கொப்பியைப் புரட்டிப் பார்த்துச் சிரித்தார். "நல்லம் அக்கா, ரெண்டுக்கு மேல போகவேயில்ல. இந்த அளவு மருந்தே காணும், கூட்டத் தேவையில்ல எண்டு டொக்டரிட்டச் சொல்றன்" என்றார்.

அப்போது அவளுடைய பெருவிரலைப் பார்த்தேன். உள்ளே போய்ச் செபமாலைப் பெட்டியை எடுத்து வந்து மிஸ்ஸின் மடியில் வைத்தேன். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மிஸ் திறந்து பார்த்தார். மனைவி என்னைப் பார்த்த பார்வையை இதில் எழுத எனக்குத் தெரியாது. பிறகு அவளே எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லிவிட்டு, "நீங்கள் தண்ணியும் குடிக்காம நிக்கிறியள். நான் ஒரு குளிசையை விட்டது பிழையோ?" என்று கேட்டாள்.

"எனக்குக் காய்ச்சல் வந்தா நோன்பை விட்டிருவன் அக்கா. வருத்தக்காரருக்கு நோன்பு இல்ல. சுகமான பிறகு பிடிக்கலாம்."

"சுகமான பிறகு" என்றாள் மனைவி. "எனக்கு அது எப்ப மிஸ்?"

மிஸ் அவளுடைய காலை மெல்லத் தடவிக்கொண்டு இருந்தார்.

"மிச்சத் தபசை நான் பிடிக்கிறன்" என்று நான் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியாது.

அவள் சிரித்தாள். நோவுக்கு நடுவில் சிரித்தாள். "கேட்டியளே மிஸ்? இந்த மனுசன் எதை விடுறது? குடி இல்ல, சுருட்டு இல்ல. வாயில கதையும் இல்ல."

பிறகு என்னைப் பார்த்து, "வெக்கத்தை விடுங்கோ. அது காணும். நாளைக்கு டொக்டரிட்ட நீங்களே போய் உங்கட வாயால சொல்லுங்கோ. மிஸ் சொல்லப்படாது" என்றாள். குளிசைக்குக் கை நீட்டினாள்.

அடுத்த நாள் பாலம் கடந்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். டொக்டரின் மேசைக்கு முன்னால் நின்று, "கொப்பியில இருக்கிறது பொய். நான்தான் எழுதினனான். ஏழு, சில நேரம் எட்டு" என்றேன். சேட்டு முதுகோடு ஒட்டிவிட்டது. அவர் ஏசவில்லை. கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார். மருந்தை மாற்றினார். அன்று பின்னேரம் அவள் நித்திரை கொண்டாள். கால் இரண்டும் தனித்தனியாகக் கிடந்தன.

உயிர்த்த ஞாயிறு முடிந்த கிழமையில் அவள் போய்விட்டாள். நோவு இல்லாமல் போனாள் என்று மிஸ் சொன்னார். நானும் பக்கத்தில் இருந்தேன், அது உண்மைதான். அந்த ஒன்பது நாளும் உண்மைதான். அவளுடைய நேர்த்தி என்று சொல்லி என் கூச்சத்தை நான் காப்பாற்றிக்கொண்டேனோ என்று வலை இழுக்கும்போது யோசிப்பேன். ஆவணியில் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அது எதனால் என்று என்னைக் கேட்காதீர்கள். தூக்கும்போது அதன் காலைத்தான் முதலில் பார்க்கிறேன்.

உங்கள் வீட்டில் யாராவது இரண்டு என்று சொன்னால், ஆளைப் பாருங்கள். பார்த்ததைப் போய்ச் சொல்லுங்கள். இங்கே ஒருவரும் ஏசமாட்டார்கள்.

இதில் எழுதச் சொல்லி மிஸ் என்னிடம் கேட்டுப் பல மாதம். வலை கிழிந்தது, காற்று சரியில்லை என்று ஒவ்வொரு தரமும் ஒரு சாட்டுச் சொன்னேன். இன்று காலைப் பூசையில் நெற்றியில் சாம்பல் வைத்தபோது, அவள் எனக்குத் தந்துவிட்டுப் போன தபசு நினைவுக்கு வந்தது. நேரே இங்கே வந்துவிட்டேன். அவர்களுக்கும் பிறை கண்டால் நாளை நோன்பு என்று மிஸ் சொல்லிவிட்டுப் பேனை எடுக்கப் போனார்.

விபூதிப் புதன்கிழமை, பெப்ரவரி 18, 2026.