சங்கீதம் இருபத்து மூன்று, ஐந்தாம் வசனம், முதல் பாதி

கடலூரில் முப்பத்தொரு வருஷம் உடற்கல்வி ஆசிரியராக விசில் ஊதி ஓய்வு பெற்ற சாமிக்கண்ணுவுக்கு வேதாகமத்தில் பிடித்தது அரை வசனம். முழு வசனம்கூட இல்லை. சத்துருக்கள் பார்த்துக்கொண்டே நிற்க, அவர்கள் கண்ணெதிரே ஆண்டவர் தனக்கு ஒரு பந்தி போட்டுத் தருவார் என்று சங்கீதத்தில் வருகிறதே, அந்தப் பாதி. அதே வசனம் மேலே போய்த் தலையில் எண்ணெய் வார்ப்பதைப் பற்றிப் பேசுகிறது. அது அவருக்கு ஆகாது. சைனஸ்.

இந்தத் தேர்வு இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்தது. திருப்பாதிரிப்புலியூரில் அவர் போகும் சபைக்கு அப்போது புதிதாக வந்திருந்த போதகர் ஒரு ஏற்பாடு செய்தார். சபையார் ஒவ்வொருவரும் ஆளுக்கொரு வசனத்தைத் தேர்ந்தெடுத்து, அதைப் பிடித்துக்கொண்டே அன்றாட வாழ்க்கையை நடத்த வேண்டும். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எழுந்து நின்று அதைச் சொல்லவும் வேண்டும்.

சொன்னார்கள். பதினேழு பேர் ஆண்டவரை மேய்ப்பராக எடுத்துக்கொண்டார்கள். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் பெலன் தரும் வசனத்தைப் பிடித்துக்கொண்டார்கள். பெண்கள் ஐக்கியத்தின் செயலாளர் சவரியம்மாள், மனப்பாடம் செய்யச் சுலபம் என்று வேதாகமத்திலேயே மிகச் சிறிய வசனத்தைத் தேர்ந்தெடுத்து, இயேசு அழுததை மூன்றே சொல்லில் ஒப்பித்துவிட்டு உட்கார்ந்தார். அதன் பிறகு சாமிக்கண்ணு எழுந்தார். கொடியேற்றத்துக்கு நிற்பதுபோல் விறைப்பாக நின்றார்.

"சங்கீதம் இருபத்து மூணு, அஞ்சு. முதல் பாதி."

"முழுசாவே எடுத்துக்கலாமே, சார்?" என்றார் போதகர்.

"வேணாங்கய்யா. எனக்கு இது போதும்."

ஏன் என்று போதகர் கேட்கவில்லை. இளம் வயது, அனுபவம் பத்தாது.

ஏன் என்பது சாமிக்கண்ணுவின் மனைவி மங்கலத்துக்குத் தெரியும். அதற்கு நாலு நாள் முன்னால், புதன்கிழமை, மங்கலத்தின் தம்பி திருநாவுக்கரசுக்குச் சிதம்பரத்தில் கல்யாணம். வீட்டுக்கு மூத்த மருமகன் என்ற உரிமையோடு சாமிக்கண்ணு முதல் பந்தியில் உட்கார்ந்தார். இலை போட்டாயிற்று. தயிர்ப் பச்சடி வந்தது, கத்தரிக்காய் வந்தது, மட்டன் பிரியாணி வந்தது. கைக்கும் பிரியாணிக்கும் இடையே ஒரு அங்குலம் மிச்சம் இருந்தபோது, கழுத்தில் மாலையோடு மாப்பிள்ளையே பந்திக்கு வந்துவிட்டான். பக்கத்தில் கோட்டு போட்ட ஒரு ஆஃபீசர்.

"மாமா, நீங்க நம்ம வீட்டு ஆளு. கொஞ்சம் எழுந்திரிங்க. சாருக்கு அவசரமாப் போவணுமாம்."

எழுந்தார். அவர் இலையில், அவருக்கு வைத்த பிரியாணியை, அவர் கண்ணெதிரே அந்த ஆஃபீசர் சாப்பிட்டார். இரண்டாம் பந்தி உட்கார்ந்தபோது அண்டா காலி. சாமிக்கண்ணுவுக்குக் கிடைத்தது வெறுஞ்சோறும் ரசமும். கூட ஒரு சத்துருவும்.

அன்று தொடங்கியது அவருடைய உண்மையான கிறிஸ்தவ வாழ்க்கை.

வசனத்தைத் தேர்ந்தெடுப்பது சுலபம், அதன்படி நடப்பதுதான் கஷ்டம் என்று பிரசங்கிகள் சொல்வார்கள். சாமிக்கண்ணு விஷயத்தில் அது முற்றிலும் உண்மை. மேய்ப்பர் வசனக்காரர்களுக்கு என்ன, சும்மா ஆடாக இருந்தால் போதும். இவருடைய வசனத்துக்குத் தினமும் இரண்டு பொருள் வேண்டும்: சாப்பாடு ஒன்று, சத்துரு ஒன்று. சாப்பாட்டை மங்கலம் கட்டிக் கொடுத்துவிடுவாள். சத்துருவை அவரேதான் தேடிக்கொள்ள வேண்டும்.

பள்ளியில் அவருக்குக் கிடைத்தவர் தலைமை எழுத்தர் தேவநாதன். ஒரு லீவு லெட்டர் விஷயத்தில் ஏற்பட்ட பகை. ஆசிரியர் அறையை விட்டுவிட்டு, அலுவலக அறைக்குப் போய், தேவநாதனுக்கு நேர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு, கண்ணை மூடி ஜெபித்து, கண்ணைத் திறந்து, தேவநாதனைப் பார்த்தபடியே ஒன்பது வருஷம் டிபன் பாக்ஸைத் திறந்தார். ஊறுகாயை மட்டும் சற்று அழுத்தி நக்குவார். பத்தாவது வருஷம் தேவநாதன் ஒரு காரியம் செய்தார்.

"சார், யோசிச்சுப் பாத்தேன். அந்த லெட்டரு விஷயத்துல தப்பு என் மேலதான். மனசுல வெச்சுக்காதீங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

அன்றைக்குச் சாமிக்கண்ணுவுக்குச் சோறு இறங்கவில்லை. வாடகை வீட்டின் சொந்தக்காரர் சுப்பராயலு அதைவிட மோசம். தண்ணீர்க் குழாய்க்காகப் பதினாலு வருஷம் நன்றாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்த மனிதர், ஒருநாள் திருப்பதி லட்டோடு வந்து, "நம்ம வயசுக்கு இதெல்லாம் எதுக்கு சார்" என்று சொல்லிவிட்டார். மனிதர்களை நம்பி ஒரு சத்துருவைக்கூட வைத்துக்கொள்ள முடியாத காலமாகப் போயிற்று. ஓய்வு பெற்ற அன்று கையிருப்பில் மிஞ்சியது ஒரே ஒருவன்: சிதம்பரத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் மச்சான் திருநாவுக்கரசு. அவன் மட்டும்தான் இதுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. அந்த ஒரு நல்ல குணம் அவனிடம் இருந்தது.

இந்த நிலையில்தான் முதுநகர் தாண்டி ஒரு புது நகரில் சாமிக்கண்ணு சொந்த வீடு கட்டி முடித்தார். பிரதிஷ்டை ஜெபத்துக்கு நாள் குறித்தாயிற்று. கருப்பு கிரானைட்டில் அரை வசனம் பொன்னெழுத்தில் செதுக்கி, தெருவைப் பார்த்துப் பதித்தார். மறுநாள் காலையில் எதிர்வீட்டு இருசம்மாள் வாசலில் வந்து நின்றாள்.

"ஏன் சார், சத்துருன்னு எங்களையா எழுதி வெச்சிருக்கீங்க? நாங்க என்னா பண்ணோம்?"

"உங்கள இல்லம்மா. அது சிதம்பரத்துல இருக்கு."

"அப்ப சிதம்பரத்தப் பாத்துத் திருப்பி வெக்கறதுதான?"

நியாயமான கேள்வி. ஆனால் அந்தப் பக்கம் கழிவறைச் சுவர்.

மகள் ஜான்சி எம்.எட். படிப்பவள், பேசாமல் இருக்கத் தெரியாது. "அப்பா, அந்தச் சங்கீதத்துல இன்னும் அஞ்சு வசனம் இருக்கு. புல்லு இருக்கு, தண்ணி இருக்கு. நீ ஏன் சோத்துலயே நிக்கிற?" என்றாள்.

"நீ உன் வேலையப் பாரு."

அவருடைய வேலை பெரிதாக இருந்தது. வீடு வந்துவிட்டது, பந்தியும் வரப்போகிறது. திருநாவுக்கரசு வந்து எதிரே உட்கார்ந்து பார்க்காவிட்டால் வசனம் நிறைவேறாது. இருபத்திரண்டு வருஷ விசுவாச வாழ்க்கை அந்த ஒரு நாற்காலியில் தொங்கிக்கொண்டிருந்தது. அழைப்பிதழைத் தபாலில் அனுப்பினார். பதில் இல்லை. மங்கலத்தை விட்டு போன் செய்யச் சொன்னார். அவள் பேசிவிட்டு வந்து, "பத்திரிகை மேல இருக்கிற வசனத்தப் படிச்சானாம். வரமாட்டானாம்" என்றாள்.

"வராம எப்படி? அவன் வரலன்னா எதுக்கு இந்த விசேஷம்?"

மங்கலம் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள். தம்பி வீட்டு வாசல்படியை அவள் மிதித்தும் இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. அது யாருடைய வசனத்திலும் வரவில்லை.

ஆக, தன் சத்துருவைத் தானே போய்க் கெஞ்சிக் கூப்பிடும் நிலைக்கு வந்தார் சாமிக்கண்ணு. ஆப்பிள், சாத்துக்குடி, வெற்றிலை பாக்கு எல்லாம் அடுக்கிய தட்டை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். புதுச்சத்திரம் தாண்டும்போது ஒரு சாத்துக்குடி உருண்டோடியது. எடுத்துத் துடைத்து மறுபடி வைத்தார். சத்துருவுக்கு அது போதும்.

திருநாவுக்கரசு கல்லாவில் உட்கார்ந்து ஒருவருக்கு பி.வி.சி. பைப் அறுத்துக் கொடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். மாமாவைப் பார்த்தும் எழவில்லை. பைப் போய், பெயிண்ட் போய், ஒரு கிலோ ஆணியும் போன பிறகு, "வாங்க மாமா. என்னா, தட்டெல்லாம் ஜாஸ்தியா இருக்கு?" என்றான்.

"பிரதிஷ்டைக்குக் குடும்பத்தோட வரணும் மச்சான்."

"நான்தான் சத்துருவாச்சே."

"அதனாலதான் நேர்ல வந்தேன்."

திருநாவுக்கரசு வாய்விட்டுச் சிரித்தான். "இன்னும் அந்தப் பிரியாணிய முழுங்கலையா நீங்க? அந்த ஆஃபீசரே செத்துப் பத்து வருஷம் ஆச்சு மாமா!"

"நீ இருக்கியே."

"நான் வரலன்னா?"

சாமிக்கண்ணு தட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினார். "அப்படிச் சொல்லாத மச்சான். உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா?" என்றார். வேஷமில்லை, மனதார வந்த வார்த்தை.

கடையில் ஆணி வாங்க வந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார். திருநாவுக்கரசு தட்டை வாங்கிக்கொண்டு, "சரி, வரேன். எங்க உக்காரணுமோ சொல்லுங்க, உக்காறேன்" என்றான். இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டதுதான் திரும்பி வரும் வழியெல்லாம் சாமிக்கண்ணுவை அரித்தது.

பிரதிஷ்டையன்று மொட்டை மாடியில் பந்தல். சாமிக்கண்ணு விளையாட்டு மைதானத்துக்குப் போடும் சுண்ணாம்புத் தூளால் தரையில் கோடு கிழித்து மேஜைகளைப் போட்டிருந்தார். இந்த வரிசையில் நடு நாற்காலி அவருக்கு, எதிர் வரிசையில் நடு நாற்காலி மச்சானுக்கு, இடைவெளி ஆறடி. அதே போதகர், இப்போது தலை நரைத்தவர், வெளியூரிலிருந்து வந்து ஜெபித்தார். சிதம்பரத்திலிருந்து திருநாவுக்கரசு ஒரு வேன் நிறைய ஆட்களோடு வந்து இறங்கி, சொன்ன இடத்தில் பரம சாதுவாக உட்கார்ந்தான். போதகர் அவன் பக்கத்தில். சாமிக்கண்ணு எதிரே உட்கார்ந்தார். இரண்டு இலையிலும் மட்டன் பிரியாணி விழுந்தது. அவர் ஜெபித்துக் கண்ணைத் திறந்து, சத்துருவை நன்றாக ஒரு தடவை பார்த்துவிட்டு, கையைக் கொண்டுபோனார்.

"ஐயா, ஒரு சந்தேகம்" என்றான் திருநாவுக்கரசு போதகரிடம், மாடி முழுக்கக் கேட்கிற மாதிரி. "அந்த வசனத்துல பந்திய ஏற்பாடு பண்ணவரே கூட உக்காந்து சாப்பிடுறாரா?"

"இல்லியே. அவர் ஏற்பாடு பண்றவர். சாப்பிடுறவன் வேற."

"இங்க ஏற்பாடு பண்ணது மாமா. எனக்காகவே பண்ணேன்னு கடைக்கு வந்து கெஞ்சினாரு, கேட்டவங்க இருக்காங்க. நான் சாப்பிடுறேன். எனக்கு எதிர்ல இருபத்திரண்டு வருஷமா என்னைக் கருவிக்கிட்டு ஒரு ஆளு உக்காந்திருக்காரு. அப்ப இது யாரோட வசனம், சொல்லுங்க?"

போதகர் கையில் இருந்த எலும்பைப் பார்த்தார். பிறகு வேத சத்தியத்துக்கு விரோதமாகப் பேசக் கூடாது என்ற பயத்தில், "அப்படிப் பாத்தா... உங்களுதுதான்" என்றார்.

வேனில் வந்தவர்கள் மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். "அப்படியே கொஞ்சம் பச்சடி வைங்க மாமா. வீட்டுக்காரரு கையால வெச்சாதான் எனக்கு எறங்கும்" என்றான் திருநாவுக்கரசு.

பரிமாறுகிறவன் கரண்டியை நீட்டினான். ஐம்பது ஜோடிக் கண்கள் பார்த்தன. வீட்டுக்காரன் மறுக்க முடியாது. சாமிக்கண்ணு எழுந்தார். பச்சடி வைத்தார். பிறகு கறி. பிறகு தண்ணீர். அந்தப் பக்கம் ஒருவர், "சார், இங்கயும்" என்றார். கரண்டியோடு வரிசை முழுக்கப் போய்த் திரும்பியபோது, காலியாகக் கிடந்த நாற்காலியில் இருசம்மாள் உட்கார்ந்து கவலையில்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எதிரே திருநாவுக்கரசு மூன்றாவது தடவை பிரியாணி கேட்டு, அவசரமே இல்லாமல், சாமிக்கண்ணுவின் கண்ணைப் பார்த்துக்கொண்டே மென்றான்.

வேன் போனபோது மணி மூன்றரை. பந்தலில் எச்சில் இலையும் காக்கையும் மட்டும். சாமிக்கண்ணு நாற்காலியில் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார். மங்கலம் அண்டாவைச் சுரண்டி ஒரு தட்டில் போட்டுக்கொண்டு வந்து, டங்கென்று அவர் முன்னால் வைத்தாள்.

"எனக்கு வேணாம். அவன் போயிட்டான்."

மங்கலம் போகவில்லை. எதிர் வரிசையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்து, ஆறடியெல்லாம் இல்லை, முழங்கால் இடிக்கிற தூரத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"இருபத்திரண்டு வருஷமா என் தம்பிய முன்னால வெச்சுச் சாப்பிட்டீங்க. நான் அம்மா வீட்டுக்குப் போவலை. அவன் புள்ளைங்களுக்கு ஞானஸ்நானம் ஆச்சு, போவலை. இனிமே என்னைப் பாத்துக்கிட்டே சாப்பிடுங்க. நான் எங்கயும் போறதா இல்ல. மன்னிப்பும் கேக்க மாட்டேன்."

சாமிக்கண்ணு நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். தேவநாதனிடமும் சுப்பராயலுவிடமும், ஏன், திருநாவுக்கரசிடமும்கூட இப்படி ஒரு பார்வையை அவர் கண்டதில்லை. ஜெபிக்க மறந்துபோனார்.

"ம், சாப்பிடுங்க" என்றாள் மங்கலம்.

சாப்பிட்டார். அடிப்பிடித்திருந்தது.