விமானப் பெண்ணுக்கு வைத்த விருந்து

போன மாதம் மகள் வீட்டுக்கு விமானத்தில் போனேன். பணிப்பெண் கொண்டுவந்து வைத்த டப்பாவின் மூடியைப் பிரித்ததும் வெண்பொங்கலின் நெய் குப்பென்று மூக்கில் ஏறியது. பொங்கல் என்னவோ சுமார்தான். பசை என்று சொன்னால் பசைக்குக் கோபம் வரும். ஆனால் அந்த மணம் இருக்கிறதே, அது என்னை அப்படியே தூக்கிக்கொண்டுபோய் செஞ்சி ரைஸ்மில் களத்தில் உட்காரவைத்துவிட்டது. உங்களுக்கும் இப்படி எதையாவது முகர்ந்து எங்கேயோ போன அனுபவம் இருக்கும்.

அறுபதுகளின் நடுவில் நான் செஞ்சியில் புது டீச்சர். சொந்த ஊர் பக்கத்திலேயே, வல்லம். இங்கிலீஷ் பேசும் பெண் என்று ஊரில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. அது எவ்வளவு ஓட்டை இங்கிலீஷ் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அந்த வருஷம் சிங்கவரத்துக்கு அப்பால் வறண்டு கிடந்த ஏரியில் ஒரு பயணிகள் விமானம் இறங்கியது. விழுந்தது என்றே சொல்லலாம். பக்கத்து நிலத்தில் மல்லாட்டை (வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர்) பிடுங்கிக்கொண்டிருந்தவர்கள் குடத்துத் தண்ணீரோடு ஓடினார்கள். அதற்குள் பைலட்டும் பணிப்பெண்ணுமாக அநேகமாக அத்தனை பேரையும் வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். ஒரு குழந்தையைக் காணோம் என்று தாய் அலறியதும் அந்தப் பணிப்பெண் புகைக்குள் திரும்பிப் போய்த் தூக்கிவந்தாளாம். ஒரு மாதம் கடைத்தெருவில் வேறு பேச்சே இல்லை.

எங்கள் ஆஸ்பத்திரியில் அப்போது பிரசவ அறை கிடையாது. வலி எடுத்தால் திண்டிவனம் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்; பஸ்ஸிலேயே பிறந்ததும் உண்டு. அந்த விமானக்காரர்களை வரவழைத்து, மரியாதை செய்து, விருந்துக்குச் சீட்டு விற்று அந்த அறையைக் கட்டிவிடலாம் என்று யோசனை சொன்னவர் ரைஸ்மில் நயினார். சமணர். செத்தாலும் பொய் சொல்ல மாட்டார். அரிசி பழசா புதுசா என்று கேட்பதற்குள் தானே சொல்லிவிடுவார். பொழுது சாய்ந்தபின் சாப்பிடவும் மாட்டார். ஆகவே எங்கள் ஊர் டின்னர் சாயங்காலம் நாலரை மணிக்கு! ராஜகிரி மலைக்குப் பின்னால் சூரியன் போவதற்குள் பாயசம் முடிந்தாக வேண்டும். உருளைக்கிழங்கு கூடாது, வெங்காயம் கூடாது. நெய்க்கு மட்டும் எந்தத் தடையும் இல்லை.

பைலட், பணிப்பெண், அவர்களுடைய கம்பெனி ஆபீசர் மூவரும் ரைஸ்மில் களத்தில் காரில் வந்து இறங்கினார்கள். ஆபீசர் வடநாட்டுக்காரர், தமிழ் தெரியாது. பணிப்பெண் சுசீலா மெட்ராஸ் பெண். அவள் செருப்பைக் கழற்றியதும் நயினாரின் மனைவி பத்மாவதியம்மா மரியாதைக்குச் சொம்புத் தண்ணீரை அவள் காலில் ஊற்றினார். ஊற்றிய கை சட்டென்று நின்றது. பக்கத்தில் இருந்த நானும் பார்த்தேன். இரண்டு கால் விரல்களிலும் மெட்டி கிடந்த வெளிறிய தடம். அம்மா மீதித் தண்ணீரையும் ஊற்றினார்.

ஆபீசர் மேடையில் பேச, நான் மைக்கில் தமிழாக்கினேன். தங்கள் கம்பெனியில் கல்யாணமான பெண்ணுக்கு வேலை கிடையாது, குடும்பக் கவலை இல்லாததால்தான் இத்தனை துணிச்சல் என்றார். கூட்டம் கைதட்டியது. நானும் தட்டினேன். மைக்கைப் பிடித்தவளுக்குப் புத்தி மெதுவாகத்தான் வேலை செய்கிறது, என்ன செய்ய?

பந்தியில் பொங்கலின் மேல் நெய்யை ஊற்றியதுதான் தாமதம், சுசீலா வாயைப் பொத்திக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினாள். நான் தண்ணீரோடு பின்னால் போனேன்.

"டீச்சர், யார் கிட்டயும் சொல்லிடாதீங்க. தாலியைக்கூட பெட்டியிலதான் வெச்சிருக்கேன். ஆபீசருக்குத் தெரிஞ்சா இன்னைக்கே வேலை போயிடும். எங்க வீட்டுக்காரருக்கு இன்னும் வேலை கிடைக்கல. எங்கம்மா, தம்பிங்க எல்லாருக்கும் என் சம்பளம்தான். இன்னும் ரெண்டு மாசம் ஓட்டிட்டேன்னா போதும்."

அந்தப் புகைக்குள் இவள் இரண்டு உயிராகப் போயிருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. திரும்பினால், எலுமிச்சை ஊறுகாய்க் கிண்ணத்தோடு பத்மாவதியம்மா.

"இத்த நாக்குல வெச்சிக்கோ கண்ணு, அடங்கிடும். இப்புடி மறைச்சி வெச்சா ஏழாம் மாசத்துல உனக்கு யாரு வந்து வளையல் போடுவாங்க?"

சுசீலா ஊறுகாயை நாக்கில் வைத்துக்கொண்டு அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

விருந்து முடிந்தது. மாலை, பொன்னாடை எல்லாம் ஆனது. கார் கதவைத் திறக்கும் நேரத்தில் பத்மாவதியம்மா முன்னால் வந்து, தன் கையிலிருந்த கண்ணாடி வளையல் ஒன்றைக் கழற்றிச் சுசீலாவுக்குப் போட்டார். கன்னத்தில் சந்தனம் தடவினார். அடுத்து வந்த செட்டியார் வீட்டம்மா ஒன்று போட்டார். அப்புறம் வரிசையாகப் பெண்கள், நான் உட்பட. யார் யாரிடம் எப்போது சொன்னார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஆண்கள் பக்கம் பேச்சு நின்றுபோனது. வளைகாப்பு என்றால் என்னவென்று செஞ்சியில் எந்த ஆணுக்குத் தெரியாது? ஆபீசர் ஒருவர்தான் சிரித்துக்கொண்டே நயினாரைப் பார்த்து, இது என்ன சடங்கு என்று இங்கிலீஷில் கேட்டார். சுசீலா வளையல்கள் குலுங்கக் கையைப் பின்னால் கொண்டுபோனாள்.

"இன்னா கேக்குறாரு டீச்சர்?"

"இது இன்னா சடங்குன்னு கேக்குறாருங்க."

நயினார் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா முகத்தில் அப்படி ஒரு கெஞ்சலை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பொய் சொல்லாத மனுஷரிடம் போயா கேட்க வேண்டும்!

நயினார் தொண்டையைச் செருமிக்கொண்டார். "பத்திரமா போய்ப் பத்திரமா திரும்பி வரணும்னு எங்க வூட்டுப் பொண்ணுங்களுக்குப் பண்றதுங்க."

ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தேன். ஆபீசர் "பியூட்டிஃபுல்" என்று கைதட்டினார். உடனே களம் முழுக்கத் தட்டியது, ஆண்கள்தான் பலமாக. சுசீலா தேம்பித் தேம்பி அழுதாள். ஆபீசர் அதற்கும் தட்டினார்.

பிரசவ அறையைக் கட்டினார்கள். எத்தனையோ குழந்தைகள் அதில் பிறந்தன. பிறகு அதை இடித்துப் பெரிய கட்டடம் எழுப்பிவிட்டார்கள். ரைஸ்மில் களம் மனை மனையாகப் போய்விட்டது. விமானச் சத்தம் கேட்டால் பத்மாவதியம்மா கைவேலையைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு வந்து அண்ணாந்து பார்ப்பார்.

"அந்த ரெண்டு மாசத்த ஓட்டியிருப்பாளா டீச்சர்? இன்னா கொயந்தையோ!"

விசாரித்தால் அதுவே அவளைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று ஊரில் ஒருவரும் விசாரிக்கவில்லை. கோயிலில், கடையில், பஸ்ஸில் சந்தித்தால் மட்டும் வளையல் போட்ட பெண்கள் எங்களுக்குள் கேட்டுக்கொள்வோம். பத்மாவதியம்மா போனார். ஒவ்வொருவராக மற்றவர்களும் போனார்கள். அந்தக் குழந்தைக்கே இன்று பேரன் பேத்தி இருக்கலாம். ஆனால் அது ஆணா பெண்ணா என்று எனக்கு இன்னும் தெரியாது. சேர்ந்து கவலைப்படச் செஞ்சியில் இப்போது ஒருவரும் இல்லை.