அமைச்சருக்கு ஒரு பொன்னாடை

கனடாவிலிருந்து மூன்று வார விடுப்பில் திருமுல்லைவாயிலுக்கு வந்த நான்காம் நாள் காலை, கேட்டுக்கு வெளியே யாரோ என் முழுப் பெயரை உரக்கப் படித்தார்கள். கனடாவில் ஐந்தாண்டுகளாக என் பெயரை ஒருவரும் முழுதாகச் சொன்னதில்லை. 'ஹெம்' என்று நறுக்கி வைத்திருக்கிறார்கள். எட்டிப் பார்த்தேன். எங்கள் தெரு அங்கன்வாடியின் செல்வி அக்கா, கையில் வாக்காளர் பட்டியலோடு நின்றார். அதை வீடு வீடாகச் சரிபார்ப்பதும் அவர் தலையில்தான்.

"ஹேமலதா, நீ இங்க கீறியா, அங்க கீறியா? ஒண்ணு சொல்லு. ரெண்டுக்கும் டிக் போட இதுல கட்டம் இல்ல."

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். "இங்கதான் கீது. எதிர்லயே நிக்குது பாரு."

"நான் வந்தப்பல்லாம் இல்லியேண்ணா."

"டூட்டிக்குப் போயிருக்கும்."

"கனடா டூட்டிக்கா? எதுல, திருநின்றவூர் லோக்கல்லயா?"

அப்பா சிரிக்கவில்லை. அம்மா இறந்தபின் அந்த வீட்டு எண்ணில் இரண்டே பெயர்கள். பட்டியலில் இருக்கும்வரை மகள் வெளியூர் போயிருக்கிறாள், அடித்துவிட்டால் போய்விட்டாள். அவருடைய கணக்கு அது.

"ஃபாரின்ல கீறவங்களுக்கு வேற ஃபாரம் கீதுண்ணா. பேரு கடைசியில தனியா வரும்."

"எதுக்குத் தனியா? என் பேருக்குக் கீழயே இருக்கட்டும்."

பட்டியல்கள் எனக்குப் புதிதல்ல. மென்பொருளில் பிழை பிடிப்பது என் தொழில். கனடாவில், எங்கள் தொகுதியின் மாகாண அமைச்சர் ஒருவரை ஓட்டே இல்லாமல் வளர்த்துவிட்ட பெருமையும் எனக்கு உண்டு. அவர் பள்ளி வாரியத்தில் தொடங்கினார். அங்கே ஒரு கூரை ஒழுகியது, பார்வையிட்டார். சட்டமன்றத்துக்குப் போனார், இன்னும் பெரிய ஒழுகல்களைப் பார்வையிட்டார். போக்குவரத்து அமைச்சரானதும் பார்வையிடுவதற்கென்றே தலைக்கவசம் ஒன்று கொடுத்தார்கள். இங்கிருந்து போகும் நம் ஆட்கள் எல்லோரும் முதல் வாரத்திலேயே வீட்டுக்கு அனுப்பும் செய்தி ஒன்று உண்டு: 'இங்கே அமைச்சரே காபிக்கு வரிசையில் நிற்கிறார்!' நானும் அனுப்பினேன். அவர் நிற்பது உண்மைதான். நானும்தான் நிற்கிறேன், கூரையில்லாத பேருந்து நிறுத்தத்தில், பனியில். அவருக்குக் காபி கிடைத்துவிடுகிறது.

போன தேர்தலில் அவருக்காக வாக்காளர் பட்டியலைச் சுத்தம் செய்யும் தன்னார்வ வேலை எனக்கு வந்தது. இறந்தவர்கள், இரண்டு முறை வந்தவர்கள், இடம் மாறியவர்கள் என்று பிரித்து நீக்கினேன். குடியுரிமை வாங்காததால் நான் அந்தப் பட்டியலில் இல்லை. அது பிழையல்ல, விதி. அவர் ஜெயித்தார். நன்றி சொல்ல எங்களை அலுவலகத்துக்கு அழைத்தபோது, நிறுத்தத்துக்குக் கூரை கேட்டு ஒரு மனு எழுதிக்கொண்டு போனேன். கூடவே அம்பத்தூரில் வாங்கிய பொன்னாடை ஒன்றையும். இந்தப் பக்கம் வளர்ந்தவளுக்கு அமைச்சரை வெறுங்கையோடு பார்க்கத் தெரியாது.

போர்த்தினேன். முடிவெட்ட உட்கார்ந்தவரைப் போல அவர் அசையாமல் இருந்தார். மனுவை வாங்கிப் புன்னகைத்தார். உடனே அவருடைய உதவியாளர், நடுவயதுப் பெண்மணி, ஒரு படிவத்தோடு வந்தார். அமைச்சர் வாங்கும் பரிசுகள் பொதுப் பட்டியலில் ஏற வேண்டுமாம். பொருள், கொடுத்தவர், முகவரி.

"நிரந்தர முகவரியா, தற்போதைய முகவரியா?" என்று கேட்டேன்.

அவர் குழம்பினார். "ஒருவருக்கு இரண்டு இருக்குமா?"

"எங்களுக்கெல்லாம் இருக்கும்."

"அப்படியானால்... நிரந்தரமானதையே எழுதுங்களேன்."

பள்ளி, கல்லூரி, பாஸ்போர்ட், முதல் வேலை என்று எல்லாப் படிவத்திலும் அந்தக் கட்டத்துக்கு எனக்கு ஒரே விடைதான். யோசிக்காமல் எழுதிக் கொடுத்தேன்.

இரண்டே வாரத்தில் அமைச்சரவை மாறியது. அவர் முதியோர் நலத்துக்குப் போனார். என் மனு 'உரிய துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது' என்று கடிதம் வந்தது. எங்கள் தெரு மழைநீர் வடிகாலுக்கு அப்பா கொடுத்த மனுவுக்கும் இதே பதில்தான் வந்தது. கனடாவில் தாள் மட்டும் கொஞ்சம் தடிமன்.

"இங்கன்னே டிக் போடு செல்வி, இந்த ஒரு வாட்டி," என்றார் அப்பா கேட்டருகில்.

"போட்டுருவேண்ணா. நாளைக்கு ஆபீசர் கேட்டா நீயா வந்து பதில் சொல்லுவ?"

அக்காவின் பேனா என் பெயர் மீதே நின்றது. நான் அங்கே இடம் மாறியவர்களை நீக்கியபோது ஒருவர் வீட்டுக் கேட்டுக்கும் போகவில்லை. ஒரு பெயருக்கு ஒரு சொடுக்கு. எந்த அப்பாவும் வந்து கெஞ்சவில்லை.

"அங்கதான்க்கா இருக்கேன்," என்றேன்.

அக்கா ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் 'இடம் மாறியவர்' என்று எழுதினார். "அந்த ஃபாரம் நாளைக்கு எட்தாரேன்," என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அப்பா கேட்டைச் சாத்தினார்.

அவரைச் சிரிக்க வைக்கலாம் என்று கைப்பேசியில் அமைச்சரின் பரிசுப் பட்டியலைத் தேடி எடுத்துத் தமிழில் படித்துக் காட்டினேன். மூன்றாவது வரி. பொருள்: சால்வை, ஒன்று. கொடுத்தவர்: ஹேமலதா. வசிப்பிடம்: திருமுல்லைவாயில்.

அப்பா கைப்பேசியை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, அந்த ஆங்கில வரியைத் தானே இரண்டு முறை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"அங்கயாவது கரெக்டா எழுதிகீறானுங்க," என்றார்.