வரிசையில் நின்ற மஞ்சள் குடம்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து படித்த முதல் ஆள் நான். எரியோட்டுக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து திண்டுக்கல் கல்லூரிக்கு முதல் வருடம் பஸ்ஸில் போய் வந்தேன். பஸ் பிந்தினால் முதல் வகுப்பு போய்விடும். சாயங்காலம் வீடு திரும்பினால் மாடு காத்திருக்கும். இரண்டு பாடங்களில் தோற்ற பிறகு, டவுனில் அறை எடுத்துத் தங்கினால்தான் தேற முடியும் என்று அப்பாவிடம் சொன்னேன்.

அவர் வெகுநேரம் நிலக்கடலையை உரித்துக்கொண்டே இருந்தார். "பாதி வாடகைதான் நம்மால ஏலும்ப்பா. மீதிக்கு ஒரு கூட்டாளியப் பிடிச்சுக்க" என்றார்.

கூட்டாளி என் பெஞ்சிலேயே இருந்தான். சூடான் நாட்டிலிருந்து படிக்க வந்தவன். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு லாட்ஜில் மூட்டைப்பூச்சிகளோடு தங்கியிருந்தான். அறை கேட்டுப் போன இடங்களிலெல்லாம் அவன் முகத்தைப் பார்த்ததும், "இப்பத்தான் ஆள் வந்துருச்சு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். அவனுக்குத் தாய்மொழி அரபி. நான் தமிழ் மீடியம். இருவருடைய ஆங்கிலமும் நொண்டிக்கொண்டுதான் நடக்கும். அதனாலேயே ஒன்றை ஒன்று முந்தாமல் சேர்ந்து நடந்தது.

கடைசியில் ஒரு மாடியறை கிடைத்தது. வீட்டுக்கார அக்காவின் கணவர் லாரி டிரைவர். மாதத்தில் பாதி நாள் வெளியில்தான். கூட வருகிறவன் யார் என்று அக்கா கேட்டபோது, "வெளியூர்ப் பையன்க்கா, நல்ல பையன்" என்றேன். இதில் பொய் எதுவும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆறடிக்கு மேல் வளர்ந்தவன் பெட்டியோடு வாசலில் வந்து நின்றதும் அக்கா அண்ணாந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இம்புட்டுத் தூரத்து வெளியூர்னு நீ சொல்லலயேப்பா."

நான் குனிந்து அவன் பெட்டியைக் கையில் வாங்கிக்கொண்டேன்.

"சரி, ஒரு மாசம் இருங்க. தெருவுல யாராச்சும் ஒரு வார்த்த சொல்லிட்டாங்கன்னா ரெண்டு பேரும் பெட்டியத் தூக்கிறணும்."

அந்த அறையை விட்டால் எனக்குப் பழையபடி எரியோட்டுப் பஸ்தான். அவனுக்கு லாட்ஜும் மூட்டைப்பூச்சியும். ஆகவே அந்த ஒரு மாதமும் நாங்கள் படியில் ஏறும்போதுகூட ஓசை வராமல் ஏறினோம். காலையில் வாசல் கோலத்தை மிதித்துவிடக் கூடாதென்று அவன் சுவரோடு சுவராக ஒட்டிப் பக்கவாட்டில் நடந்து போவான். அந்த உயரத்துக்கு அது பார்க்கப் பாவமாக இருக்கும். ஸ்டவ்வில் சோறும் ஒரு வெஞ்சனமும் செய்வோம். ஊரிலிருந்து நான் கொண்டுவந்த நிலக்கடலையைக் கண்டதும் அவன் அதைக் கையில் அள்ளி முகர்ந்தான். அவர்கள் வீட்டிலும் தினம் அதுதானாம். வறுத்து நசுக்கி, மிளகாயும் எலுமிச்சையும் சேர்த்துக் குழைத்தான். அதில் ஒரு கிண்ணம் கீழ்வீட்டு அக்காவுக்குப் போயிற்று. "இது நம்ம கடலச் சட்னிதான? என்னமோ வேற நாடுன்னீங்க" என்று அக்கா கிண்ணத்தைக் கழுவித் திருப்பிக் கொடுத்தார்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, தண்ணீர் விஷயம் வரும்வரை.

எங்கள் தெருவுக்கு மூன்று நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வரும். எந்த நேரத்தில் என்று யாருக்கும் தெரியாது. விடிந்ததும் வீட்டுக்கு ஒரு குடம் தெருக்குழாயடியில் வரிசையாக வந்து உட்கார்ந்துவிடும். ஆட்கள் தங்கள் பாட்டுக்கு வேலைக்குப் போவார்கள். தண்ணீர் வந்ததும் ஒருத்தி குரல் கொடுப்பாள்; எல்லோரும் ஓடி வந்து அவரவர் குடத்தின் இடத்தில் நிற்பார்கள். இதை அவனிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சொல்லித் தெரியவேண்டிய ஒன்றாக நான் அதை நினைத்ததே கிடையாது.

இரண்டாவது வாரம் ஒரு மதியம் அவன் கல்லூரியிலிருந்து வரும்போது குழாய் காற்றைக் கக்கி இரைந்திருக்கிறது. எதிரே இருபது வெறுங்குடங்கள். ஆள் ஒருவர்கூட இல்லை. யாரோ வழியை அடைத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைத்து, நல்ல பிள்ளையாக அவற்றை எடுத்துச் சுவரோரம் அடுக்கியிருக்கிறான். பித்தளை ஒரு பக்கம், எவர்சில்வர் ஒரு பக்கம், பிளாஸ்டிக் ஒரு பக்கம். அதிலும் உயரவாரியாக. பிறகு மாடியிலிருந்து தன்னுடைய மஞ்சள் குடத்தைக் கொண்டுவந்து குழாய்க்கடியில் வைத்திருக்கிறான்.

நான் தெருமுனைக்கு வந்தபோதே சத்தம் கேட்டது.

"உங் கொடம் என்னைக்கும் எங் கொடத்துக்குப் பின்னாலதான்டி."

"பின்னாலயா? கோழி கூப்புடயில கொண்டாந்து வச்சேன்."

"அப்ப அந்தக் கோழியச் சாட்சிக்குக் கூட்டிட்டு வா."

நடுவில் அவன், நன்றி சொல்வார்களோ என்ற மாதிரி, பாதிச் சிரிப்போடு நின்றுகொண்டிருந்தான். சண்டை ஓயுமுன் தண்ணீர் நின்றுவிட்டது. காலையில் மூன்றாவதாக இருந்த எங்கள் வீட்டுக்கார அக்காவின் குடம் சின்னது என்பதால் கடைசிக்குப் போயிருந்தது. வெறுங்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "மாசம் முடியவும் வேற எடம் பாத்துக்கங்க."

அன்று சாயங்காலம் அவனுக்கு விளக்கினேன். "ஆள் இல்லாமல் குடம் எப்படி வரிசையில் நிற்கும்?" என்று கேட்டான். இங்கே குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி என்றேன். "அப்படியென்றால் நான் இருபது பேரைப் பிடித்துத் தள்ளியிருக்கிறேன்" என்றான்.

அடுத்த முறை தண்ணீர் வரும் நாளில் விடிந்ததும் மஞ்சள் குடத்தைக் கடைசியில் வைத்துவிட்டு, புத்தகத்தோடு எதிரே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டான். வகுப்புக்கு வரவில்லை. எந்தக் குடத்துக்குப் பின் எந்தக் குடம் என்று மனப்பாடம் செய்திருக்கிறான். ஆடு ஒன்று புகுந்து நாலைந்தை உருட்டிவிட்டபோது எழுந்துபோய் ஒன்றுகூட மாறாமல் திரும்ப வைத்தானாம். முக்குவீட்டு அக்கா, வழக்கம்போல, யாரும் பார்க்காத நேரத்தில் தன் குடத்தைக் காலால் முன்னே நகர்த்தியிருக்கிறார்.

"அக்கா. ரெண்டு பின்னால" என்றானாம். முந்தின நாள் என்னிடம் கேட்டுப் பழகிக்கொண்ட தமிழ்.

"ஏலே, கடல் தாண்டி வந்து எங் கொடத்தத்தான் பாத்துக்கிட்டு இருக்கியா?"

வாசலில் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். குடம் பின்னால் போனது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும், "அப்பு, செத்த நேரம் பாத்துக்க, அடுப்புல ஒல கெடக்கு" என்று குடத்தை அவன் பொறுப்பில் விட்டுப் போக ஆரம்பித்தார்கள். எங்கள் வீட்டுக்கார அக்கா மட்டும், வேறு இடம் பார்க்கச் சொன்னதைத் திரும்ப எடுக்கவில்லை.

மாதக் கடைசி வந்தது. வேறு அறை கிடைக்கவில்லை. பாயைச் சுருட்டி, அவன் பெட்டியை மூடி, ஸ்டவ்வைச் சாக்கில் கட்டிக்கொண்டு இறங்கினோம். அக்கா முற்றத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நாளன்னைக்குத் தண்ணி மொற. இந்தப் பையன் இல்லன்னா அவளுக கொடத்த உருட்டிப்புடுவாளுக. அது முடியவும் போங்க."

சுருட்டிய பாயோடு மாடியேறினோம். அந்த முறை முடிந்தது. அடுத்ததும் முடிந்தது. போகச் சொல்லி அக்காவும் கூப்பிடவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அப்படியே இரண்டு வருடம் ஓடியது. தோற்ற பாடங்களை எழுதித் தேறினேன்.

படிப்பு முடிந்து அவன் ஊருக்குப் போன நாளும் ஒரு தண்ணீர் முறைதான். ஸ்டேஷனில் அவனை ரயிலேற்றிவிட்டுத் திரும்பி வந்தேன். குழாயடியில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. காலையில் அவன் எப்போது எழுந்துபோய் வைத்தானோ, மஞ்சள் குடம் வரிசையில் நின்றது. நான் தூரத்திலேயே நின்றுவிட்டேன். அதன் முறை வந்தபோது முக்குவீட்டு அக்கா அதை எடுத்துக் குழாய்க்கடியில் வைத்தார்.

பின்னால் இருந்த ஒருத்தி, "அந்தப் பையந்தான் போயிட்டானே, அத எதுக்குப் பிடிக்கிற?" என்றாள்.

"கொடம் நிக்குதுல்ல" என்றார் அவர்.