இடமாகச் சுற்றிய மீன்கள்

சகாதேவனுக்கு மீன்மேல் ஒருநாளும் கோபம் வந்ததில்லை. மீன் வைத்திருக்கிறவர்கள்மேல்தான் வரும். திருவண்ணாமலையில் லாட்ஜ், பல் ஆஸ்பத்திரி, நகைக்கடை என்று முப்பத்திரண்டு இடங்களில் மீன்தொட்டி கழுவித் தருவது அவர் தொழில். வண்டியின் இரண்டு பக்கமும் வாளி, தோளில் சுருட்டிய குழாய், முழங்கை வரைக்கும் பாசி வாடை. தொட்டியில் பொரியைக் கொட்டுகிறவர்கள், கண்ணாடியைத் தட்டி மீனைக் கூப்பிடுகிறவர்கள், மீனுக்கு நல்லது என்று விபூதியைத் தூவுகிறவர்கள் எல்லாரையும் பதினாறு வருஷமாகத் திட்டித் திட்டி அவர் தொண்டை கரகரத்துப் போயிருந்தது.

கீழ்பென்னாத்தூர் பக்கம் வேர்க்கடலை போடுகிற குடும்பம் அவருடையது. இருபது வயதில் வெயிலில் களை எடுக்கப் பிடிக்காமல் சென்னைக்குப் போய் வண்ணமீன் கடை ஒன்றில் சேர்ந்தார். எட்டு வருஷம் கழித்து ஊர்ப்பக்கம் திரும்பி, அடி அண்ணாமலையில் வீடு பிடித்தார். அந்த வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளில் ஆறு லோச் மீன்களை விரல் நீளத்தில் வாங்கினார். நம் அயிரைக்குச் சொந்தக்கார மீன்தான், ஆனால் ஆரஞ்சு உடம்பில் மூன்று கறுப்புப் பட்டை, வாயோரம் குட்டி மீசை. பதினைந்து வருஷத்தில் ஆறும் சாண் நீளம் வளர்ந்து வீட்டுத் தொட்டியை முட்டின. அதனால்தான், ஆசிரமம் பக்கம் செங்கம் ரோட்டில் லாட்ஜ் நடத்தும் சக்கரவர்த்தி வரவேற்பறைக்கு ஆறடித் தொட்டி கேட்டபோது, மனசே இல்லாமல் தன் மீன்களை அதில் விட்டார். "தொட்டிய நான் மட்டுந்தான் தொடுவேன் சார்" என்பது ஒரே நிபந்தனை. சக்கரவர்த்தி தலையாட்டினார். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்.

தொட்டி ஹாலின் நடுவில் இருந்தது. அதன் நடுவில் மலை மாதிரி கல்லை அடுக்கச் சொன்னது சக்கரவர்த்தி. அதுவரை வம்பில்லை. பங்குனி வெயிலில் தண்ணீர் சூடேறி, மீன்கள் கல்லிடுக்கில் சோர்ந்து கிடந்தபோதுதான் வினை ஆரம்பித்தது. அவை ஓடுகிற ஆற்றில் பிறந்த வகை. ஃபில்டரிலிருந்து ஒழுகுகிற தண்ணீர் அவற்றுக்குப் போதாது. சகாதேவன் தண்ணீரைத் தள்ளி ஓடவைக்கிற 'வேவ் மேக்கர்' என்ற சின்ன மோட்டார் ஒன்றை வாங்கி வந்து, காந்தத்தால் கண்ணாடியோடு ஒட்டவைத்து ஸ்விட்சைப் போட்டார். தண்ணீர் கல்மலையைச் சுற்றி ஆறாக ஓட ஆரம்பித்தது. ஆறு மீன்களும் வெளியே வந்து நீரோட்டத்தை முட்டிக்கொண்டு நீந்தின.

"இன்னாண்ணா, இவ்ளோ குஷியா சுத்துதுங்க?" என்றாள் வரவேற்பறையில் வேலை பார்க்கும் மதிவதனி.

"இத்தினி நாளு குட்டையில கெடந்துச்சும்மா. இன்னிக்குத்தான் ஆத்துக்கு வந்துக்குது."

அந்தச் சந்தோஷம் நான்கு நாள் நிலைத்தது. ஐந்தாம் நாள் சக்கரவர்த்தி போன் செய்தார்.

"சகாதேவா, மீனுங்க இடமா சுத்துதுப்பா."

"எத சார்?"

"மலையத்தான். நடுவுல மலை வெச்சிக்கிறோம்ல? ஓசூர் அம்மா ஒருத்தங்க பாத்துட்டு, கிரிவலம் வர்றவங்க தங்கற எடத்துல இப்டி எதிர்ல சுத்துதேன்னு பொலம்பிட்டுப் போறாங்க."

சகாதேவன் வண்டியை ஓரம் கட்டிவிட்டு நிதானமாகச் சொல்லிப் பார்த்தார். "தண்ணி வலமாத்தான் சார் ஓடுது. இந்த மீனு தண்ணிக்கு எதுத்தாப்புல நீந்தும். அதோட சுபாவம் அது."

"தண்ணிய யாருப்பா பாக்கறா? மீனத்தான பாக்கறாங்க. அந்த மெஷின எதுத்த கண்ணாடியில மாத்தி வையேன், தீந்துது."

மாற்றி வைக்கலாம். காந்தத்தை உருவி எதிர்க் கண்ணாடியில் ஒட்டினால் தண்ணீர் இடமாக ஓடும், மீன் வலமாகச் சுற்றும். மீனுக்கு எல்லாம் ஒன்றுதான். ஆனால் பதினாறு வருஷத்துப் பொரியும் விபூதியும் சேர்ந்து அன்றைக்கு சகாதேவனின் தலைக்கேறியது.

"முடியாது சார். அது ஒரு பக்கந்தான் வைக்க முடியும்" என்று பச்சையாகப் பொய் சொன்னார்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் ஒரே கூத்து. சக்கரவர்த்தி ஸ்விட்சை அணைப்பார். அவர் தலை மறைந்ததும் மதிவதனி போடுவாள். சகாதேவன் வரும்போதெல்லாம் அது அணைந்தே இருக்கும். 'தொடாதீர்கள்' என்று எழுதி ஒட்டினார். அந்தக் காகிதத்தின்மேல் யாரோ அறை எண்ணைக் குறித்து வைத்திருந்தார்கள்.

"மாத்தி வெச்சாத்தான் இன்னாங்க? கையி தேஞ்சிடுமா?" என்றாள் அவர் மனைவி அன்புச்செல்வி.

"மீனுக்கு பக்தி வந்தா அதுவா திரும்பட்டும். நான் புடிச்சித் திருப்ப மாட்டேன்."

"உங்களுக்கு மீனு பெருசா, வீம்பு பெருசா?"

அவர் வாளிகளை எடுத்து வண்டியில் மாட்டப் போனார்.

சித்ரா பௌர்ணமி வந்தது. மதியம் மூன்று மணிக்கு, சகாதேவன் அடி அண்ணாமலை வீட்டில் இருந்தபோது மதிவதனி போன் செய்தாள். "அண்ணா, ஆறும் மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுதுங்க."

அடியில் கிடக்கிற மீன் மேலே வருகிறதென்றால் தண்ணீரில் மூச்சு இல்லை. சகாதேவன் போனிலேயே கத்தினார். "ஸ்விட்ச போடும்மா!"

"நான் மறுபடி போட்டுடுவேன்னுதான் சார் காலையிலயே ஃபில்டரு, மெஷினு எல்லாத்தையும் அணைச்சிட்டு ஸ்விட்ச் பொட்டியப் பூட்டிட்டாரு. சாவியோட கோயிலுக்குப் போயிட்டாரு. போன எடுக்க மாட்றாரு."

"ஒரு சொம்பு எடு. தொட்டித் தண்ணிய மோந்து மோந்து ஒசரத்துல இருந்து ஊத்து. நிறுத்தாத. நான் வர்றேன்."

பேட்டரியில் ஓடும் காற்று மோட்டாரை வாளியில் போட்டுக்கொண்டு கிளம்பினார். கிரிவலப் பாதையில் வண்டி விடவில்லை. கூட்டத்தோடு வலமாகப் போனால் ஊருக்குள் புகுந்து சுற்றவேண்டும், கோயில் பக்கம் நகரவே முடியாது. இடமாகப் போனால் ஐந்தாறு கிலோமீட்டர். எதிரே வந்த ஜனத்திரளுக்குள் நுழைந்து நடந்தார்.

"யோவ், கண்ணு தெரில? எதுக்கயா எதுத்தாப்புல வர்ற?" என்று ஒருவர் கத்தினார். தோளில் இடித்தார்கள், செருப்பில்லாத காலை மிதித்தார்கள். ஒரு பெரியவர் கையைப் பிடித்து நிறுத்தியே விட்டார்.

"சாமி, மலை சோத்துக் கைப்பக்கம் இருக்கணும். இப்டிப் போவக் கூடாது."

"என் மீனு சாவுதுங்க, விடுங்க!"

பெரியவர் கையை விட்டுவிட்டார்.

லாட்ஜுக்குள் அவர் நுழையும்போது மணி ஐந்து. மதிவதனி புடவையெல்லாம் நனைந்து இன்னும் ஊற்றிக்கொண்டிருந்தாள். தங்க வந்திருந்த வெள்ளைக்காரர் ஒருவர் டம்ளரோடு பக்கத்தில் நின்று அவரும் ஊற்றினார். சகாதேவன் காற்று மோட்டாரை இறக்கினார். கொஞ்ச நேரத்தில் ஐந்து மீன்கள் ஒவ்வொன்றாக அடிக்கு இறங்கின.

ஆறாவது, ஒரு பக்க மீசை அறுந்த பெரிய மீன், மணலில் சாய்ந்து படுத்திருந்தது. லோச் மீன் தூங்கும்போதும் அப்படித்தான் படுக்கும். செத்துப்போச்சு என்று மதிவதனி பதறும்போதெல்லாம், "தூங்குதும்மா, வேலையப் பாரு" என்று அவரே எத்தனையோ முறை சிரித்திருக்கிறார். கையை விட்டுத் தொட்டார். இது தூக்கமில்லை.

சக்கரவர்த்தி நெற்றி நிறைய விபூதியோடு வந்து பெட்டியைத் திறந்து ஸ்விட்சைப் போட்டார். தொட்டியைப் பார்த்ததும் முகம் வாடியது. கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"சித்ரா பௌர்ணமி அன்னிக்குப் போயிருக்குது. புண்ணியம் பண்ணின மீனுப்பா."

சகாதேவனுக்கு நாக்கு நுனி வரைக்கும் வார்த்தை வந்தது. சொல்லியிருந்தால் சக்கரவர்த்தி ஜென்மத்துக்கும் மறந்திருக்க மாட்டார். ஆனால் வாய் திறப்பதற்குள் கை தொட்டிக்குள் போய்விட்டது. காந்தத்தை உருவினார், எதிர்க் கண்ணாடியில் ஒட்டினார். அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

தண்ணீர் திரும்பியது. ஐந்து மீன்களும் திரும்பின. கல்மலையை வலமாகச் சுற்ற ஆரம்பித்தன. ஹாலில் நின்றிருந்தவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

சக்கரவர்த்தி மட்டும் கும்பிடவில்லை. "ஒரு பக்கந்தான் வைக்க முடியும்னு சொன்னியே, சகாதேவா?"

கேட்டதில் குத்தல் இல்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

பெரிய மீனை வாளியில் எடுத்து, துண்டால் மூடிக்கொண்டு வெளியே வந்தார். வீட்டுக்குப் போகும் வழி இப்போது கூட்டத்தோடு வலமாகவே இருந்தது. யாரும் இடிக்கவில்லை. வாளியைப் பார்த்து ஒதுங்கி வழிகூட விட்டார்கள். யாராவது நான்கு வார்த்தை திட்டினால் தேவலை என்று இருந்தது அவருக்கு. அடி அண்ணாமலை வரைக்கும் ஒருவரும் திட்டவில்லை.